பெயர் தேவசகாயம், கிடைத்ததோ விலங்கு

பொங்கலுக்கு முந்திய இரண்டு நாட்கள் தம்பானூர் ரயில் நிலையத்தில் நிற்க இடம் கிடைப்பதில்லை. சாலைக் கடைகளில் எடுபிடி வேலை பார்ப்பவர்கள், ஓட்டல் தொழிலாளர்கள், கட்டட வேலைக்கு வந்த கொத்தனார்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று நம்மவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் நாகர்கோவில் பக்கம் போகும் வண்டிக்காகக் காத்து நிற்பார்கள். அவர்களில் பலர் பொங்கலுக்காகப் போகிறவர்கள். சிலர் ஜனவரி 14ந் தேதி ஆரல்வாய்மொழியிலும் கோட்டாறிலும் நடக்கும் ஒரு நினைவு நாளுக்காகவும் போகிறார்கள்.

அந்த நாளுக்கு உரியவர் தேவசகாயம் பிள்ளை. 1979ல் கன்யாகுமரி வரையிலும், 1981ல் நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரையிலும் போடப்பட்ட இந்த இருப்புப் பாதையில்தான் அவருடைய வாழ்க்கை முழுவதும் வரிசையாகக் கிடக்கிறது. குழித்துறைக்குப் பக்கம் அவர் பிறந்த நட்டாலம். இரணியலில் இறங்கினால் அவர் வேலை பார்த்த பத்மநாபபுரம். நாகர்கோவில் சந்திப்புக்கு அருகே அவருடைய கல்லறை உள்ள கோட்டாறு. அடுத்து வரும் ஆரல்வாய்மொழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட மலை. வேறு எந்த மகானுக்கும் இப்படி ஒரு டிக்கெட்டில் சரித்திரம் அமைந்திருப்பதாகத் தெரியவில்லை.

நீலகண்ட பிள்ளை என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர். 1712 ஏப்ரல் 23ந் தேதி பிறந்தார். தகப்பனார் நம்பூதிரி, தாயார் நாயர் குலம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தமிழ், மலையாளம், சமஸ்கிருதம் ஆகியவற்றுடன் ஆயுதப் பயிற்சியும் பெற்றார். பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலில் அலுவல் பார்த்து, பிறகு அரண்மனைக் காரியங்களில் உயர்ந்தார். மயிக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார்.

அன்றைக்குத் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரம் அல்ல, பத்மநாபபுரம்தான். 1795ல்தான் தலைநகர் இங்கே மாறியது. (1956ல் கன்யாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பிலேயே இருக்கிறது. போய்ப் பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம்.) அரசாண்டவர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா. சிறு சிறு நாடுகளை அடக்கி ஒரே ராஜ்யமாக்கியவர். எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்னும் பிரபுக்களை ஒடுக்கியவர். 1741ல் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களின் படையைத் தோற்கடித்தவர்.

அந்தப் போர்தான் நீலகண்ட பிள்ளையின் வாழ்க்கையையும் திருப்பிவிட்டது. தோற்ற டச்சுப் படையில் பிடிபட்டவர்களுள் டிலனாய் என்ற தளபதியும் ஒருவர். மகாராஜா அவரைக் கொல்லவில்லை. அவருடைய திறமையைக் கண்டு தம்முடைய படையைப் பழக்கும் பொறுப்பையே ஒப்படைத்தார். வலிய கப்பித்தான் என்று பின்னாளில் பெயர் பெற்ற டிலனாய், தக்கலையை அடுத்த புலியூர்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டினார். அரண்மனைக் காரியக்காரரான நீலகண்ட பிள்ளைக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது.

யோபு கதை

அந்தச் சமயத்தில் நீலகண்ட பிள்ளையின் குடும்பத்துக்கு அடி மேல் அடி விழுந்து கொண்டிருந்தது. மாடுகள் செத்தன. பயிர் அழிந்தது. சொத்து கரைந்தது. செய்ய வேண்டிய பூஜைகளையும் நேர்ச்சைகளையும் குறைவில்லாமல் செய்து பார்த்தார். நிலைமை மாறவில்லை. அவருடைய முகவாட்டத்தைக் கண்டு டிலனாய் விசாரித்தார். இவரும் மனம் திறந்து சொன்னார்.

டிலனாய் கத்தோலிக்கர். அவர் ஆறுதலாகச் சொன்னது பைபிளில் உள்ள யோபுவின் கதை. பிள்ளைகள், மந்தைகள், ஆள் அம்பு எல்லாவற்றோடும் வாழ்ந்த ஒரு நல்ல மனிதன், ஒரு குற்றமும் செய்யாமலே எல்லாவற்றையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்த கதை. நம்முடைய அரிச்சந்திரன் கதைக்கு இது அண்ணன் தம்பி முறை. அரிச்சந்திரன் எதற்காகச் சோதிக்கப்படுகிறான் என்பது கதை கேட்கிறவர்களுக்குத் தெரியும், மயானம் காக்கிற அரிச்சந்திரனுக்குத் தெரியாது. யோபுவும் அப்படியே. அவன் கடவுளிடம் வழக்காடுகிறான், காரணம் கேட்கிறான். கடவுள் வந்து பேசுகிறார், ஆனால் காரணம் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. இழந்தவை இரட்டிப்பாகத் திரும்பி வருகின்றன.

ஒரு புத்திசாலியான காரியக்காரரை இந்தக் கதை ஏன் அசைத்தது என்று யோசிக்கத்தான் வேண்டும். விளைந்தால் தெய்வம் இரங்கியது, கெட்டால் தெய்வம் கோபித்தது என்ற கணக்கு எந்த மதத்துக்காரர் மனத்திலும் இருப்பது. கிறிஸ்தவர்களும் விலக்கல்ல. மாடு செத்ததற்கும் கடவுளின் கோபத்துக்கும் சம்பந்தமில்லை, கொடுத்ததற்கும் எடுத்ததற்கும் அப்பால் அவருடைய அன்பு மாறாமல் நிற்கிறது என்ற செய்திதான் நீலகண்ட பிள்ளையைப் பிடித்திருக்க வேண்டும். அரண்மனையில் கணக்குப் பார்த்துப் பழகியவருக்கு, கணக்கே இல்லாத ஓர் இடம் இருப்பது அதிசயமாகத்தான் இருந்திருக்கும்.

அவர் ஞானஸ்நானம் பெற விரும்பினார். அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவரை மதம் மாற்றினால் வரும் விளைவு டிலனாய்க்குத் தெரியும். ஆகவே ராஜ்யத்துக்கு வெளியே, பாண்டி நாட்டு எல்லையில் இருந்த வடக்கன்குளத்துக்கு, சேசு சபைக் குருவான புத்தாரி சுவாமிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பரஞ்சோதிநாதர் என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டிருந்த அந்தக் குரு 1745ல் இவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லாசரஸ் என்ற பெயரைத் தமிழாக்கி தேவசகாயம் என்று வைத்தார்கள். தேவன் துணை என்று அதற்குப் பொருள்.

பார்கவி அம்மாள் உடனே சம்மதிக்கவில்லை. உற்றார் உறவினர் பயம் அவருக்கு இருந்தது. நாளடைவில் அவரும் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். தெரேஸ் என்ற பெயரின் தமிழ் வடிவம் அது.

மூன்று வருஷம்

அரண்மனைக்கு வந்துபோகும் ஒருவர் கோயில் சடங்குகளிலிருந்து ஒதுங்குவதும், எல்லா ஜாதிக்காரர்களுடனும் பேதமின்றிப் பழகுவதும், கூட உட்கார்ந்து சாப்பிடுவதும் நெடுநாள் மறைவாக இருக்க முடியாது. தீண்டாமை மட்டுமல்ல, இன்னாரை இத்தனை அடிக்குள் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் அமலில் இருந்த காலம் அது. மதம் மாறியதை விட இதுவே பெரிய குற்றமாகப் பட்டிருக்கலாம். புகார்கள் போயின. 1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார்.

இந்த இடத்தில் மாறுபட்ட கருத்தும் உண்டு. மார்த்தாண்ட வர்மா மதத்துக்காக யாரையும் கொன்றதாக அரசாங்க ஆவணங்களில் இல்லை என்றும், தண்டனைக்கு ராஜத்துரோகம் போன்ற வேறு காரணங்கள் இருந்தன என்றும் சில சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கத்தோலிக்கரான டிலனாயையே படைத் தலைவராக வைத்திருந்த மகாராஜா அவர் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வெளிநாட்டுக் கப்பித்தான் தன் மதத்தில் இருப்பது வேறு, அரண்மனைப் பிள்ளைமார் ஒருவர் ஜாதிக் கட்டை உடைத்துக்கொண்டு வெளியேறுவது வேறு. கோட்டாறு, வடக்கன்குளம் ஜனங்களின் நினைவிலும் திருச்சபையின் குறிப்புகளிலும், விசுவாசத்தை விட்டுவிட மறுத்ததே அவருடைய குற்றம்.

கைவிலங்கு, கால்விலங்கு பூட்டி, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மாட்டின் மேல் பின்புறம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். நேற்று வரை வழிவிட்டு ஒதுங்கிய சந்தைக் கூட்டம் இன்று வேடிக்கை பார்த்தது. புலியூர்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது அவர் முட்டியால் இடித்த பாறையில் தண்ணீர் ஊறியது என்று சொல்கிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

அடுத்து பெருவிளை. அங்கே ஆராச்சார், அதாவது கொலைத் தண்டனையை நிறைவேற்றும் உத்தியோகஸ்தர், குடியிருந்தார். அவர் வீட்டருகே ஒரு வேப்ப மரத்தில் தேவசகாயம் பிள்ளையைச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். வெயில், மழை எல்லாம் அந்த மரத்தடியில்தான். வினோதம் என்னவென்றால், கட்டிக் கிடந்த மனிதரைத் தேடி ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். நோயாளிகள் வந்தார்கள். வழக்குள்ளவர்கள் வந்தார்கள். அவர் ஜெபித்துக் கொடுத்த வேப்பிலையை மருந்தாகக் கொண்டுபோனார்கள். பிள்ளையில்லாத ஆராச்சாருக்கே அவருடைய ஜெபத்தால் குழந்தை பிறந்தது என்பது அந்தப் பக்கத்துப் பழங்கதை.

மரத்தடியில் கிடந்த அந்த மாதங்களில் அவர் யோபுவை நினைத்திருப்பார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. மாடும் பயிரும் போனபோது அவர் கேட்ட ஆறுதல் கதையில் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. இவருக்கோ ஞானஸ்நானம் பெற்ற பிறகுதான் உத்தியோகம் போயிற்று, வீடு போயிற்று, மனைவி அனாதையாக நின்றாள், உடம்பில் தோல் உரிந்தது. தேவன் துணை என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு வெளிப்பார்வைக்கு ஒரு துணையும் வந்து சேரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் விலங்கு கழன்றுவிடும், பழைய உத்தியோகமும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள். பசித்தவனிடம் கடவுள் உன்னை நேசிக்கிறார் என்று சொல்வது சொல்கிறவனுக்கு எளிது. சங்கிலியில் கிடப்பவன் தனக்குத் தானே அதைச் சொல்லிக்கொள்வதுதான் கஷ்டம். மூன்று வருஷமாக ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் அதைப் புதிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

கூட்டம் பெருகவே அவரை எல்லைக்குக் கொண்டுபோனார்கள். ஆரல்வாய்மொழி அக்காலத்தில் திருவிதாங்கூரின் கிழக்கு வாசல். அதைத் தாண்டினால் பாண்டி நாடு. வடக்கன்குளம் சில மைல் தூரந்தான். காவலர்களும் இளகிப் போயிருந்தார்கள். ஓர் இரவு அவர்களுடைய சம்மதத்தோடு வடக்கன்குளம் போய் நற்கருணை வாங்கிக்கொண்டு, விடிவதற்குள் திரும்பி வந்து விலங்கை மாட்டிக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. எல்லை தாண்டியவர் அங்கேயே இருந்திருக்கலாம். யார் வந்து பிடித்திருக்கப் போகிறார்கள்? ஆனால் இவர் ஓடிவிட்டால் காவலர்களின் தலை போயிருக்கும்.

1752 ஜனவரி 14ந் தேதி இரவு அவரைக் காற்றாடிமலைக்குக் கொண்டுபோனார்கள். இன்று ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவதை ரயிலிலிருந்து பார்க்கிறவர்கள், மலைக்குப் பெயர் அவற்றால் வந்தது என்று நினைப்பார்கள். காற்றாலைகள் வருவதற்கு இருநூறு வருஷங்களுக்கு முன்பே அது காற்றாடிமலைதான். ஜெபம் செய்யக் கொஞ்ச நேரம் கேட்டார். கொடுத்தார்கள். பாறையில் அவர் முழங்கால் பதிந்த தடம் என்று ஓரிடத்தை இன்றும் காட்டுகிறார்கள். பிறகு துப்பாக்கிகள் வெடித்தன. அவருக்கு வயது நாற்பது நிறையவில்லை.

உடலை மலையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். சில நாட்கள் கழித்துக் கிறிஸ்தவர்கள் எலும்புகளைச் சேகரித்து, கோட்டாறு சவேரியார் கோயிலில் பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். கொச்சி ஆயர் இந்தச் செய்தியை 1756ல் ரோமாபுரிக்கு எழுதினார். அதன் பிறகு ரோமாபுரி இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அசையவில்லை. ஜனங்கள் காத்திருக்கவில்லை. நாடகம் ஆடினார்கள், கும்மி பாடினார்கள், பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். கன்யாகுமரி ஜில்லாவிலும் நெல்லைச் சீமையிலும் ஒரு தேவசகாயமாவது இல்லாத கிறிஸ்தவ ஊரைக் காண்பது அரிது.

2012 டிசம்பர் 2ந் தேதி நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15ந் தேதி ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் பட்டத்துக்கு உயர்த்தினார். குருவும் துறவியும் அல்லாத, குடும்பஸ்தரான இந்தியர் ஒருவருக்கு இந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அதற்கு முன்பே ரோமாபுரி அவர் பெயரிலிருந்து பிள்ளை என்ற ஜாதிப் பட்டத்தை எடுத்துவிட்டது. எல்லா ஜாதிக்காரர்களோடும் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக அடி வாங்கியவருக்கு அந்த வால் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு, பழகிய பெயரை ஏன் வெட்ட வேண்டும் என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு.

டிலனாய் நண்பரின் மரணத்துக்குப் பிறகும் கால் நூற்றாண்டு மகாராஜாக்களுக்கு ஊழியம் செய்து, 1777ல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது.

ஞானப்பூ அம்மாளைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதவில்லை. தான் போன பிறகு உறவினர்கள் உன்னை நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள், வடக்கன்குளத்துக்குப் போய்விடு என்று விலங்கோடு இருந்தபோதே கணவர் சொல்லி வைத்திருந்தாராம். அப்படியே பிறந்த ஊரையும் புகுந்த ஊரையும் விட்டுவிட்டு அந்த எல்லைக்கு அப்பால் போய், பதினான்கு வருஷம் தனியாக வாழ்ந்து, 1766ல் அங்கேயே கண்ணை மூடினார். அவருடைய கல்லறை வடக்கன்குளத்தில் இருக்கிறது. ஆரல்வாய்மொழியில் இறங்குகிறவர்கள் பஸ் பிடித்துச் சிறிது நேரத்தில் போய்விடலாம்.