நிலமளந்த லாம்டன்

திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாகச் சென்னை செல்வோர் நகரி மலையின் மூக்குப் போன்ற முகட்டைக் காணலாம். கடலில் வந்த மாலுமிகளுக்கும் அம்முகடே கரையை உணர்த்தும் அடையாளமாக விளங்கியது. பகலில் மலை வழிகாட்டும். மலையும் மரமும் ஒன்றாய்க் கறுத்துவிடும் இரவில் எதை நம்பி நடப்பது?

1799ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். திப்பு சுல்தானை எதிர்த்துச் சென்ற ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியிருந்தது. தளபதி பேர்டு ஒரு பிரிவுடன் இரவில் சென்று, அருகிலிருந்த தோப்பு ஒன்றைச் சோதித்தார். அங்குப் பகைவர் எவரும் இல்லை. பாசறைக்குத் திரும்பும் வழியில், உடன் சென்ற வில்லியம் லாம்டன் விண்மீன்களை நோக்கினார். வடக்கே செல்ல வேண்டிய படை தெற்கே, பகைவரின் பாசறையை நோக்கி நடந்துகொண்டிருந்தது. உடனே தளபதியிடம் தெரிவித்தார். தமக்கு வழி தெரியும் என்று பேர்டு அதனை ஏற்கவில்லை. படை நடத்துவோர்க்கு வானம் பார்ப்பவரின் சொல் எளிதில் செவியேறுவதில்லை. சிறிது நேரத்திற்குப் பின் விளக்கொளியில் திசைகாட்டியைப் பார்த்தபோது, லாம்டன் கூறியதே சரியென்று விளங்கியது. படை திரும்பியது. சேஷாசலக் காடுகளில் இருட்டிய பின் நடப்போர்க்கும் இத்தகைய மயக்கம் நேரக்கூடும். செல்லும் வழி சரியே என்று மனம் சாதிக்கும்.

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். படைப்பணியில் வட அமெரிக்காவில் இருந்தபோது, கண்ணுக்குக் காப்பின்றிச் சூரிய கிரகணத்தை நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வை கெட்டது. எஞ்சிய கண்ணைக் கொண்டே அவர் பின்னாளில் தென்னாட்டை அளந்தார்.

1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே அப்பணி தொடங்கியது. ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்தனர். வெயிலில் எஃகு நீளும். ஆதலால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானியால் சூட்டைக் குறித்துக் கணக்கைத் திருத்தினர். அதன்பின் சங்கிலிக்கு அதிக வேலையில்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், குன்று வரையுள்ள தொலைவைக் கணக்கிட்டே அறியலாம். அத்தொலைவு அடுத்த முக்கோணத்தின் பக்கமாகும். இவ்வாறு குன்றிலிருந்து குன்றாக, கிழக்குத் தொடர்ச்சி மலைகளைக் கடந்து, பெங்களூர் வழியாக மங்களூர் வரை முக்கோணங்கள் விரிந்தன. 400 மைல் அகலம் எனக் கருதப்பட்ட நிலம் 360 மைல்தான் என்பது தெரிந்தது. அதுவரை வரையப்பட்ட படங்களில் 40 மைல் நிலம் வெறும் கற்பனையாய் இருந்திருக்கிறது!

கோணம் அளந்த தியோடலைட்டு என்னும் கருவி அரை டன் எடையுடையது. குன்றுகளற்ற தஞ்சைச் சமவெளியில் கோயில் விமானமே உயர்ந்த இடம். 1808இல் பெரிய கோயிலின் மீது கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் பெரிய வட்டம் நெளிந்தது. அதற்கு மாற்றுக் கருவி இந்தியாவில் இல்லை. பணி அத்துடன் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். லாம்டன் கூடாரத்தை அடைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆப்பும் திருகும் கொண்டு வட்டத்தைச் சிறிது சிறிதாகப் பழைய வடிவிற்குக் கொணர்ந்தார்.

1823 சனவரி 20 அன்று, நாக்பூர் செல்லும் வழியில் ஹிங்கன்காட்டில் அவர் மறைந்தார். அவருக்கு உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பணியை வடக்கே கொண்டு சென்றார். உலகின் மிக உயர்ந்த சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. லாம்டனின் கல்லறை ஹிங்கன்காட்டில் இருக்கிறது.