துயரைத் தொண்டாக்கிய மாணவி

பதினான்கு வயதில் தாயான ஒரு சிறுமி, பத்தே நாட்களில் தன் குழந்தையைப் பறிகொடுத்தாள். உரிய மருத்துவ உதவி கிடைத்திருந்தால் அந்தச் சிசு பிழைத்திருக்கக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாரதத்தில் எண்ணற்ற இல்லங்களில் நிகழ்ந்த துயரம்தான் அது. பலரும் அதை விதி என்று ஏற்றுக்கொண்டனர். அச்சிறுமியோ, இந்நிலை பிற தாய்மார்களுக்கு நேரக் கூடாது என்று எண்ணினாள். தானே மருத்துவராவது என்று உறுதி பூண்டாள். அவரே டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி.

1865 மார்ச் 31 அன்று மகாராஷ்டிரத்தில், கல்யாண் நகரைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார் அவர். பெற்றோர் இட்ட பெயர் யமுனா. ஒன்பது வயதில், தபால் துறை எழுத்தரான கோபால்ராவ் ஜோஷிக்கு அவரை மணம் முடித்து வைத்தனர். மனைவியை இழந்தவரான கோபால்ராவ், மணமகளைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். ஆனந்தி என்ற பெயரைச் சூட்டியவர் அவரே. பெண்கல்வியில் தீவிரப் பற்றுக் கொண்ட அவர், தம் மனைவிக்குத் தாமே பாடம் கற்பித்தார். அந்தப் பற்றில் கடுமையும் கலந்திருந்தது. இளம் வயதில் கணவரின் கையால் அடிபட்ட வேதனையை, பின்னாளில் அவருக்கு எழுதிய கடிதத்திலேயே ஆனந்திபாய் நேர்மையுடன் குறிப்பிட்டுள்ளார்.

அந்நாளில் நம் பெண்கள் பலர் ஆண் மருத்துவரிடம் தம் நோயைச் சொல்லவும் நாணினர். பெண் மருத்துவர்களோ மிக அரிது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. எனினும், நாட்டின் தேவைக்கு அத்தகைய வசதிகள் போதா என்பதே ஆனந்திபாயின் கருத்து.

1880இல் கோபால்ராவ், மனைவியின் படிப்புக்கு உதவி வேண்டி அமெரிக்க மதபோதகர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். மதம் மாறினால் உதவி கிடைக்கும் என்று பதில் வந்தது. தம்பதியர் அதை ஏற்கவில்லை. ஆனால் அக்கடிதங்கள் ஓர் அமெரிக்க இதழில் வெளிவந்தன. நியூ ஜெர்சி மாநிலத்தின் ரோசெல் என்ற ஊரைச் சேர்ந்த தியோடீசியா கார்ப்பென்டர், பல் மருத்துவரைக் காணக் காத்திருந்தபோது தற்செயலாக அவற்றைப் படித்தார். மனம் நெகிழ்ந்து, தம் இல்லத்தில் இடம் தர முன்வந்தார்.

கடல் கடந்து செல்வதே பெருங்குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. ஊராரின் ஏளனமும் எதிர்ப்பும் சூழ்ந்தன. அப்போது வங்காளத்தில் வசித்துவந்த ஆனந்திபாய், 1883இல் ஸ்ரீராம்பூர் கல்லூரி மண்டபத்தில் பலர் முன்னிலையில் தம் முடிவை விளக்கினார். இந்துப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் எவ்வளவு தேவை என்பதை எடுத்துரைத்தார். இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்புவேன் என்றும் உறுதியளித்தார்.

அவ்வாண்டு ஏப்ரலில் கணவரின் துணையின்றிக் கல்கத்தாவிலிருந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 18. ஜூன் மாதம் நியூயார்க்கை அடைந்தார். கார்ப்பென்டர் அம்மையார் அவரை மகளைப் போலப் பேணினார். பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. கடுங்குளிரிலும் சேலை உடுத்தினார். மரக்கறி உணவையே உண்டார். உடல் நாளுக்கு நாள் மெலிந்தது, காசநோய் பற்றிக்கொண்டது. ஆயினும் படிப்பை அவர் கைவிடவில்லை. இந்துக்களிடையே மகப்பேற்று மருத்துவம் என்பதையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். குழந்தையை இழந்த தாய், எந்தத் துயரம் தம்மை இங்கே அழைத்து வந்ததோ அதையே ஆராயத் துணிந்தார்!

1886 மார்ச் 11 அன்று பட்டம் பெற்றார். அந்த விழாவைக் காண உறவினரான பண்டிதை ரமாபாய் வந்திருந்தார். விக்டோரியா மகாராணியும் வாழ்த்து அனுப்பினார். அதே ஆண்டில் கல்கத்தாவில் காதம்பினி கங்கூலியும் மருத்துவரானார். மேலை மருத்துவத்தில் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்கள் இவர்கள் இருவருமே.

கோலாப்பூர் சமஸ்தானம் தன் ஆல்பர்ட் எட்வர்டு மருத்துவமனையின் பெண்கள் பிரிவுப் பொறுப்பை ஆனந்திபாய்க்கு அளித்தது. 1886ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் தாயகம் திரும்பினார். ஆனால் அந்தப் பணியை ஏற்க உடல் இடந்தரவில்லை. 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் காலமானார். 22 வயதுகூட நிறையவில்லை. அவரது அஸ்தி கார்ப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சியில், அக்குடும்பத்தாரின் கல்லறைத் தோட்டத்தில் இடம்பெற்றது.

கற்ற மருத்துவத்தைத் தம் நாட்டுப் பெண்களுக்கு அளிக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. அப்படியானால் அந்தத் தவம் வீணா? இல்லை. நம் பெண்ணால் மருத்துவராக முடியுமா என்று கேட்டவர்களுக்கு அவரது வாழ்க்கையே விடையாயிற்று. 1894இல் ருக்மாபாய் லண்டனில் மருத்துவம் பயின்று தகுதி பெற்றார். சூரத்திலும் ராஜ்கோட்டிலும் நெடுங்காலம் பெண்களுக்குச் சேவை செய்தார். ஒருவருக்குக் கிட்டாத பணி, பின்வந்தவர்களின் கைகளில் தொடர்ந்தது.

இன்று வெள்ளை அங்கி அணியும் ஒவ்வொரு மாணவியும் மாணவனும் ஒரு கணம் ஆனந்திபாயை நினைக்கலாம். மருத்துவர் இல்லாத ஊர்களும், வைத்தியச் செலவுக்கு அஞ்சி நோயை மறைக்கும் ஏழைகளும் நம் நாட்டில் இன்னும் உண்டு. யாருக்காகப் படிக்கிறோம் என்ற தெளிவு ஆனந்திபாய்க்கு முதல் நாளிலேயே இருந்தது. அந்தத் தெளிவு நமக்கும் வாய்க்கட்டும்.