நொடித்த பள்ளியை நிமிர்த்திய வில்லியம் மில்லர்

ஜூபிலி மலரில் புனிதர் ஒருவருடைய வரலாற்றை எழுதுவதே வழக்கம். இம்முறை நாம் ஒரு ஸ்காத்லாந்துக்காரரை, அதுவும் கத்தோலிக்கரல்லாத ஒருவரை எடுத்துக்கொண்டோம். பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் பிரிந்த சகோதரரின் நற்பண்புகளைப் போற்றும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கமே நமக்குக் கற்பித்திருக்கிறது. மேலும், பிறமதப் பிள்ளைகளே மிகுதியாய்ப் படிக்கும் பள்ளிகளை நாம் எதற்காகக் கட்டிக் காக்க வேண்டும் என்று நம்மவர் கேட்பதை அடிக்கடி கேட்டிருக்கிறோம். மில்லரையும் இதே கேள்வி விடாமல் துரத்தியது.

அவர் 1838-ல் தர்சோ என்னும் வடகடல் ஊரில் பிறந்தார். 1862-ல், இருபத்து நான்காம் வயதில், சென்னைப் பட்டணம் வந்தார். பர்மாவுக்குக் கப்பலேறி, நொடித்துப்போன கடையை ஏற்று நடத்தச் சென்ற செட்டிநாட்டு இளைஞர்களை நம் பெரியோர் அறிவர். மில்லருக்கும் அத்தகைய கடைதான் கிடைத்தது.

1837-ல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளி அது. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை அவர் சேர்த்தபோது மேல்சாதியார் பலர் தம் மக்களை நிறுத்திக்கொண்டனர். ஆண்டர்சன் அசையவில்லை. அந்த உறுதிக்காக அவரை வணங்கலாம். 1841-ல் மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் வகுப்புகள் மீண்டும் காலியாயின. 1855-ல் அவரும் இறந்தார். மில்லர் வந்தபோது பள்ளி மூடும் நிலையில் இருந்தது.

அவர் பிரசங்கத்தால் அதை நிமிர்த்தவில்லை. பாடம் நன்றாக நடந்தால் பிள்ளைகள் தாமே வருவர் என்று நம்பி, முதலில் படிப்பின் தரத்தை உயர்த்தினார். 1865-ல் கல்லூரி வகுப்பு தொடங்கிற்று. பிறகு அவர் செய்ததே அரிய காரியம். ஒவ்வொரு சபையும் தனித்தனியே மெலிந்த பள்ளியை வைத்துக்கொண்டிருப்பதைவிட, எல்லாரும் சேர்ந்து வலுவான ஒன்றை நடத்தலாமே என்று வாதாடினார். சி.எம்.எஸ்., வெஸ்லியன் சங்கத்தாரும் கைகொடுக்க, 1877-ல் அது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. (நம் மறைமாவட்டங்களுக்கிடையிலும் இத்தகைய ஒற்றுமை இருந்தால் எவ்வளவு நன்று!) வெளியூர் மாணவருக்கு விடுதிகள் எழுந்தன. மணம் செய்துகொள்ளாத அவர், தம் சொந்தப் பணத்தையும் கல்லூரிக்கே கொட்டினார்.

இத்தனைக்கும் வசை ஓயவில்லை. இத்தனை பிள்ளைகளைப் படிக்கவைத்து எத்தனை பேரை மனந்திருப்பினார் என்று மறைபோதகர்கள் பலர் கேட்டனர். மில்லரோ நிலத்தைப் பண்படுத்துவது பள்ளியின் வேலை, விளைச்சல் தேவனுடையது என்னும் எண்ணத்தில் நின்றார். அவர் சொன்னது முழுதும் சரியென நாம் சொல்லமாட்டோம். ஞானஸ்நானத்தை நாடாத கல்வி, மறைபணியின் பாதி வேலையைத்தான் செய்கிறது. ஆயினும் அந்தப் பாதியை அவரளவு நேர்மையாகச் செய்தவர் சிலரே. அவருடைய சபையும் 1896-ல் தன் பொதுச் சங்கத் தலைவராக்கி அவரைப் பெருமைப்படுத்தியது.

தமிழ்ப் பற்றில் தம் பெயரையே மாற்றிக்கொண்ட பரிதிமாற் கலைஞர், அவர் கல்லூரியில்தான் 1903-ல் மறையும்வரை தமிழ் கற்பித்தார்.

சென்னையில் மில்லருக்கு 1901-ல், உயிரோடிருக்கும்போதே சிலை எழுந்தது. 1907-ல் ஊர் திரும்பியவர் 1923-ல் எடின்பரோவில் காலமானார். கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கும், பள்ளி 1950-ல் சேத்துப்பட்டுக்கும் குடிபெயர்ந்தன. அன்று மூடப்பட இருந்த அந்தப் பள்ளியில் இன்றும் மணி அடிக்கிறது.