கிரேயும் கார்ட்டரும்

இன்ஜினீயருக்கு உடற்கூறு எதற்கு என்று கேட்காதீர்கள். அண்ணன் டாக்டருக்குப் படித்தபோது வீட்டில் கிடந்த 'கிரேஸ் அனாடமி'யைப் படம் பார்க்கவே புரட்டியவன் நான்.

ஹென்றி கிரே பிறந்தது 1827-ல். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் படித்து, 25 வயதிலேயே ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். மண்ணீரல் பற்றிய கட்டுரைக்கு 1853-ல் ஆஸ்ட்லி கூப்பர் பரிசு, 300 கினி. 1858-ல் அந்தப் பெரிய புத்தகம் வந்தது, 363 படங்களோடு.

படம் போட்டவர் ஹென்றி வேண்டைக் கார்ட்டர். அவரும் டாக்டர்தான். இடுப்பு எலும்புப் படத்தைப் பாருங்க: எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்று எலும்பு மேலேயே எழுதியிருப்பார். எண் போட்டு, அதற்கு விளக்கம் எங்கே என்று தேடவைக்கிற வேலையே இல்லை. டிராயிங் ஹாலில் டி-ஸ்கொயரோடு மல்லாடிய நமக்கு இதன் அருமை தெரியும்.

கிரேவுக்கு 1000 பிரதிக்கு 150 பவுன். கார்ட்டருக்கு மொத்தமே 150 பவுன், அவ்வளவுதான். போதாததற்கு, முகப்புப் பக்க புரூஃபில் கார்ட்டர் பெயரைச் சின்ன எழுத்தாக்கச் சொன்னார் கிரே. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது. வரைந்தவர் பெயருக்கென்றே வரைபடத்தில் கட்டம் போடுகிற தொழில் நம்முடையது!

1861-ல், பெரியம்மை கண்ட சகோதரர் மகனைக் கவனித்துக்கொண்ட கிரேவுக்கே அது தொற்றியது. 34 வயதில் போய்விட்டார். எனக்கும் இப்போது அதே வயது. கார்ட்டரோ 1858-லேயே பம்பாய் வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். நம்ம மதுரையின் பெயர் ஒட்டிக்கொண்ட 'மதுரா ஃபுட்' என்ற பாத நோய்க்குப் பூஞ்சை காரணம் என்று ஆராய்ந்து, 1874-ல் தனிப் புத்தகமே எழுதினார். அதன் முகப்பில் அவர் பெயர் மட்டும்தான்.