ஆட்டிசத்தை உலகுக்குச் சொன்ன டாக்டர்... அம்மாக்கள் மேல் விழுந்த பழியைத் துடைத்தது எப்படி? யார் இந்த லியோ கானர்?

குழந்தை சரியா பேசலையா? கூப்பிட்டா திரும்பிப் பார்க்கலையா? உடனே சுற்றி இருப்பவர்கள் விரல் நீட்டுவது அம்மாவை நோக்கித்தான். ஆட்டிசம் விஷயத்தில் இந்தப் பழியைச் சில டாக்டர்களே சுமத்திய காலம் ஒன்று இருந்தது. அதற்குத் தெரிந்தோ தெரியாமலோ வழிவிட்டவரும், கடைசியில் பெற்றோர் முன்னால் நின்று அதைத் துடைத்தவரும் ஒரே மனிதர். அவர்தான் டாக்டர் லியோ கானர்.

யார் இவர்?

1894-ல் இன்றைய உக்ரைனில் உள்ள ஒரு சின்ன கிராமத்தில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெர்லினில் மருத்துவம் படித்துவிட்டு 1924-ல் அமெரிக்கா போனார். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1930-ல் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவைத் தொடங்கினார். 1935-ல் அவர் எழுதிய பாடநூல்தான் குழந்தை மனநலம் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் பாடநூல்.

வெறும் கிளினிக் டாக்டர் இல்லை இவர். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைக் கொன்றுவிடலாம் என்று 1942-ல் ஒரு பிரபல அமெரிக்க நரம்பியல் டாக்டர் எழுதியபோது, அதே மருத்துவ இதழில் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

33 பக்கக் கடிதம்

1938-ல் மிசிசிப்பி மாநிலத்தில் இருந்து ஒரு வழக்கறிஞர் தன் 5 வயது மகனைப் பற்றி 33 பக்கத்துக்குக் கடிதம் அனுப்பினார். பையனுக்கு ஞாபகசக்தி அபாரம். ஆனா மனிதர்கள் யாரும் அவன் கண்ணுக்கே படுவதில்லை. தினசரி வழக்கத்தில் எதை மாற்றினாலும் தாங்க மாட்டான்.

இவனைப் போல அடுத்தடுத்து வந்த குழந்தைகளையும் சேர்த்து, 8 பையன்கள், 3 பெண்கள் என மொத்தம் 11 பேரைப் பற்றி 1943-ல் கானர் கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் தனியான ஒரு நிலை என்று மருத்துவ உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது அதுதான்.

எங்கே சறுக்கினார்?

இது பிறவியிலேயே வருவது என்று அந்தக் கட்டுரையிலேயே கானர் எழுதியிருந்தார். ஆனா கூடவே, இந்தப் பெற்றோரில் பாசத்தை வெளிக்காட்டுபவர்கள் குறைவு என்றும் குறித்து வைத்தார். 1949-ல் இன்னும் ஒரு படி மேலே போய், இந்தக் குழந்தைகள் ஃப்ரிட்ஜுக்குள் வைக்கப்பட்டதுபோல வளர்ந்ததாக எழுதிவிட்டார்.

அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் அம்மா என்ற பட்டம் பரவ ஆரம்பித்தது. அம்மா பாசம் காட்டாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் என்பதை புருனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் பெரிய கோட்பாடாகவே ஆக்கினார்கள். ராத்திரி பகல் பாராமல் பிள்ளையோடு போராடும் அம்மாக்கள், குற்றவாளியைப் போல டாக்டர் முன்னால் உட்கார வேண்டிய நிலை வந்தது.

திருப்பம் தந்த அப்பா

பெர்னார்ட் ரிம்லாண்ட் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர். அவர் மகனுக்கும் ஆட்டிசம். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்து, காரணம் உடலில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று 1964-ல் புத்தகமாகவே போட்டார். அதற்கு முன்னுரை எழுதிக் கொடுத்தவர் கானர்!

1969-ல் வாஷிங்டனில் ஆட்டிசம் குழந்தைகளின் பெற்றோர் சங்கக் கூட்டம் நடந்தது. அங்கே பேசிய கானர், பெற்றோராகிய உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று பகிரங்கமாக அறிவித்தார். தன் எழுத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டதாகவும் சொன்னார். 1949-ல் அவரே எழுதியதைப் பார்த்தால், அந்த விளக்கத்தை முழுசா ஏற்க முடியாது. ஆனாலும் 20 வருஷமா பழி சுமந்த பெற்றோருக்கு அந்த வார்த்தை பெரிய ஆறுதல்.

அந்தப் பையன் என்ன ஆனான்?

11 பேரும் வளர்ந்த பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்து 1971-ல் கானர் எழுதினார். அரசு மனநல மருத்துவமனைகளில் விடப்பட்டவர்களின் நிலைதான் மிக மோசம்.

கடிதத்தில் வந்த பையனோ, சில வருஷம் ஒரு விவசாயத் தம்பதி வீட்டில் வளர்ந்தான். அளப்பதும் எண்ணுவதும்தான் அவனுக்கு உயிர். அதைத் தடுக்காமல், அந்த விவசாயி அவனைக் கிணறு தோண்டவிட்டு ஆழத்தை அளக்கச் சொன்னார். சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே உழவும் கற்றுக்கொண்டான். பிறகு காலேஜ் முடித்து பேங்க் வேலைக்கே போனான். எந்த மருந்தும் செய்யாததை, ஏற்றுக்கொண்ட ஒரு வீடு செய்தது.

1981-ல் கானர் காலமானார். ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரியது, வளர்ப்பு முறையால் அது வருவதில்லை என்பது இன்றைக்கு ஆய்வுகளில் உறுதியான விஷயம். அதனால் குழந்தையின் பேச்சிலோ பழக்கத்திலோ சந்தேகம் வந்தால், யார் மேல் தப்பு என்று தேடி நாளைக் கடத்த வேண்டாம். குழந்தை நல டாக்டரிடம் சீக்கிரம் காட்டுங்க. பக்கத்து வீட்டில் அப்படி ஒரு அம்மா இருந்தால், அறிவுரைக்குப் பதிலா கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உதவுங்க.