சார்ள்ஸ் வீட்ஸ்டன்: இரு கண்களுக்கு இரு படம் தந்தவர்

ஊரில் க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எவருக்கும் வீட்ஸ்டன் பாலம் நினைவிருக்கும். நான்கு தடைகள், நடுவே ஒரு கல்வனோமானி, முள் அசையாத புள்ளியைத் தேடித் தேடியே கழிந்த ஆய்வுகூட மதியங்கள். அந்தப் பெயருக்குரிய மனிதர் யார் என்று அன்று நாம் கேட்டதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், மெல்பேர்ணில் எமது மேசைக் கணினியில் முப்பரிமாணப் படங்களைக் காட்ட முயன்று தோற்றுக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் அவர் மறுபடி எம் முன் வந்தார்.

வீட்ஸ்டன் 1802 இல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகருக்கு அருகில் பிறந்தார். குடும்பத்தின் தொழில் இசை. சிறுவயதிலேயே, இலண்டனில் இசைக்கருவிகள் செய்து விற்ற தகப்பனாரின் சகோதரரிடம் தொழில் பழகச் சென்றார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. நரம்பும் மரமும் குழலும் அதிர்வதைப் பார்த்தே ஒலியின் விஞ்ஞானத்தைக் கற்றார். கொன்சேர்ட்டீனா என்னும் கைத்துருத்தி வாத்தியம் அவருடைய ஆக்கம். 1834 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி அவரைப் பேராசிரியராக்கியது. ஆனால் மேடை அவருக்கு ஒத்துவரவில்லை. அவ்வளவு கூச்சம். அவருடைய ஆய்வுகள் சிலவற்றை அரங்கில் எடுத்துச் சொன்னவர் நண்பர் மைக்கேல் பரடே.

1837 இல் வில்லியம் குக் என்பவருடன் சேர்ந்து மின்தந்திக்குக் காப்புரிமை பெற்றார். தந்திக்காரன் படலையைத் திறந்தாலே வீட்டில் அழுகுரல் எழுந்த காலம் எமது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தந்தியின் தொடக்கத்தில் நின்றவர்களில் இவரும் ஒருவர். பெருமை யாருக்கு என்று கூட்டாளிகள் இருவருக்கும் இடையில் பிணக்கு எழுந்தது. 1841 இல் நடுவர்கள் கூடி இருவருக்கும் பங்குண்டு என்று தீர்க்கவேண்டியதாயிற்று.

அடுத்த வருடமான 1838 இல், இலண்டன் ரோயல் சொசைட்டியின் முன் வீட்ஸ்டன் வைத்த கட்டுரைதான் எமது கதைக்குரியது. எமது கண்கள் இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஆறரைச் சென்ரிமீற்றர் தூரம். அதனால் ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறு கோணத்தில் பார்க்கிறது. அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தை உணர்கிறது என்று அவர் காட்டினார். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஆகவே கோட்டுச் சித்திரங்களையே வரைந்தார். இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று. நடுவில் செங்கோணமாக நிறுத்திய இரு கண்ணாடிகள், இருபுறமும் அந்தச் சித்திரங்கள். மூக்கைக் கண்ணாடிகள் சேரும் விளிம்பருகே வைத்துப் பார்த்தால் தட்டையான கோடுகள் திரண்ட பொருளாகி நின்றன. அதற்கு ஸ்டீரியோஸ்கோப் என்று பெயரிட்டவரும் அவரே.

ஆனால் ஊர் வேறு பெயரைத்தான் பிடித்துக்கொண்டது. 1849 இல் டேவிட் புரூஸ்டர் வில்லைகள் பொருத்திய சிறிய பெட்டியொன்றை அறிமுகப்படுத்தினார். 1851 இலண்டன் கண்காட்சியில் விக்ரோரியா மகாராணி அந்த வகைப் பெட்டியைப் பார்த்து வியந்தார். அதன்பின் அது வீடுகளுக்குள் புகுந்தது. முதற் கண்டுபிடிப்பு வீட்ஸ்டனுடையதல்ல என்று புரூஸ்டர் வாதாட, 1856 இல் பத்திரிகைக் கடிதங்கள் வரை போனது அந்தச் சண்டை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நாம் மனப்பாடம் செய்த அந்தப் பாலம் வீட்ஸ்டன் கண்டுபிடித்ததல்ல. 1833 இல் அதை முதலில் விபரித்தவர் சாமுவேல் ஹன்ரர் கிறிஸ்ரி. வீட்ஸ்டன் 1843 இல் அதைப் பயன்படுத்தி விளக்கியபோது, உரியவர் கிறிஸ்ரி என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். உலகம் கேட்கவில்லை. தனதல்லாத பாலத்தில் அவர் பெயர் நிலைத்தது. தனதான ஸ்டீரியோஸ்கோப்பில் அவர் பெயர் இல்லை. தனக்குரியதற்காகப் போராடியபோதும் பிறருக்குரியதை மறைக்காதவர் என்பதற்காகவே அவரை எமக்குப் பிடித்தது.

இனி எமது மேசைக்கு வருவோம். இன்றைய கணினியில் முப்பரிமாணம் காட்டப் பல வழிகள் உண்டு. சிவப்பு, நீலக் கண்ணாடி மலிவு, ஆனால் நிறம் கெடும். செக்கனுக்கு 120 தடவை மாறும் திரையென்றால் இடப்படத்தையும் வலப்படத்தையும் மாறிமாறிக் காட்டும். அதற்கிசைய மூடித் திறக்கும் கண்ணாடியால் ஒவ்வொரு கண்ணுக்கும் 60 படங்கள் கிடைக்கும். எந்த வழியானாலும் இடக்கண்ணின் படம் இடக்கண்ணுக்கே போகவேண்டும் என்ற வீட்ஸ்டனின் விதி ஒன்றுதான்.

நாம் தவறியது அதில்தான். ஊருக்குப் போனபோது, பழைய வீட்டு முற்றத்தைக் கைத்தொலைபேசியால் இரண்டு தடவை எடுத்திருந்தோம். ஒன்று நின்ற இடத்தில், மற்றது ஆறரைச் சென்ரிமீற்றர் வலப்பக்கம் தள்ளி. திரையில் போட்டபோது கிணறு குழியாகாமல் மேடாகத் தெரிந்தது. பின்னால் நின்ற பனைகள் முன்னால் வந்து நின்றன. தலையிடிதான் மிச்சம். இட, வலப் படங்கள் மாறியிருந்தன. 1852 இல் வீட்ஸ்டன் வேண்டுமென்றே இப்படித் தலைகீழ் ஆழம் காட்டும் கருவி செய்து, சூடோஸ்கோப் என்று பெயரிட்டு விளக்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கலை எமது நகருக்கும் புதிதல்ல. மெல்பேர்ணின் ஜோர்ஜ் ரோஸ் 1901 இல் அவுஸ்திரேலியக் கூட்டாட்சி விழாக்களையும், 1904 இல் கொரியாவையும் இரட்டைப் படங்களாக எடுத்தவர். விக்ரோரியா மாநில நூலகத்தில் அவருடைய படங்கள் பல உள்ளன.

வீட்ஸ்டன் 1868 இல் சேர் பட்டம் பெற்று, 1875 இல் பாரிஸ் சென்றிருந்தபோது காலமானார். நாம் படங்களை இடம் மாற்றிப் போட்டதும் கிணறு கீழே இறங்கியது, பனைகள் பின்னே போயின. இங்கே பிறந்த எமது பிள்ளைகள் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்தார்கள். அந்த வீட்டில் இப்போது எமக்கு உரிமை இல்லை. அடுத்தமுறை ஊருக்குப் போகிறவர்கள் ஒரு படத்துடன் நிறுத்தாமல், அரை அடி கூட வேண்டாம், சற்றே தள்ளி நின்று இன்னொன்றும் எடுத்துவாருங்கள்.