ஓராண்டுகூட வாழாத இடத்தில் ஆயிரம் ஆண்டு நின்ற பெயர்

அயர்லாந்தின் நடுவே ஓடும் ஷானன் ஆற்றின் கிழக்குக் கரையில் குளொன்மக்னொய்ஸ் மடத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. கூரையற்ற தேவாலயங்கள், இரண்டு வட்டக் கோபுரங்கள், நூற்றுக்கணக்கான கல்லறைப் பலகைகள். அவற்றைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் என் மனம் கட்டடங்களை விட்டு, மடத்தைத் தொடங்கிய கீரானிடமே போகிறது. ஏனெனில் அவர் கையால் கட்டிய எதுவும் இன்று அங்கே இல்லை.

கீரான் 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். அக்காலத்தில் மடங்களை நிறுவிய பலர் மேல்குடியினர். இவரோ மாடு மேய்த்து வளர்ந்தவர். ஃபினியன் என்ற புகழ்பெற்ற ஆசானிடம் படிக்கப் போனபோது ஒரு பசுவையும் ஓட்டிச் சென்றார் என்றும், அதன் பால் உடன் படித்தவர்களுக்கும் போதுமாக இருந்தது என்றும் மரபுக் கதை சொல்கிறது. பின்னர் மேற்குக் கடலிலுள்ள அரன் தீவில் எண்டா என்ற துறவியிடம் பயின்றார்.

540களில் சில தோழர்களுடன் ஷானன் கரைக்கு வந்தார். வடக்குத் தெற்காக ஓடும் ஆற்றை, கிழக்கு மேற்காகச் செல்லும் மேட்டுப் பாதை சந்திக்கும் இடம் அது. எதிரிகளுக்கு அஞ்சி மறைந்து திரிந்த டியர்மெய்ட் என்ற இளவரசன், முதல் மரக்கம்பத்தை நட அவருக்குக் கைகொடுத்தான் என்பார்கள். அவன் பின்னர் பேரரசனானான். ஆனால் ஓராண்டு முடியும் முன்பே கொள்ளைநோய் கீரானைக் கொண்டுபோனது. மரபின்படி அப்போது அவருக்கு வயது 33.

தலைவனை இத்தனை விரைவில் இழந்த மடம் எப்படித் தழைத்தது? பாதைகள் கூடும் இடம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டென நினைக்கிறேன். கீரானுக்குப் பின்னால் பெரிய குலம் எதுவும் இருக்கவில்லை. அதனால் மடம் ஒரே குடும்பத்தின் சொத்தாகவில்லை. பல சிறு குடிகளிலிருந்தும் தலைவர்கள் வந்தார்கள்.

909இல் அரசன் ஃபிளான் சின்னாவும் மடத்தலைவர் கொல்மானும் கல்லால் பெரிய தேவாலயம் எழுப்பினார்கள். 1100 அளவில், ஐரிஷ் மொழியில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய கதைத் தொகுப்பு இங்கே எழுதப்பட்டது. அதன் பெயர் கபிலப் பசுவின் நூல். கீரானின் பசுத்தோலை நினைவூட்டும் பெயர் அது. அதை எழுதியவர்களில் ஒருவரான மெயில் முய்ரே, 1106இல் மடத்துக்குள் புகுந்த கொள்ளையரால் கொல்லப்பட்டார். அந்த நூலில் 67 ஏடுகளே மிஞ்சி, டப்ளினில் பாதுகாக்கப்படுகின்றன.

வைக்கிங்குகளும் ஐரிஷ் அரசர்களும் மடத்தை மீண்டும் மீண்டும் சூறையாடினார்கள். ஒவ்வொரு முறையும் அது எழுந்தது. 1552இல் அத்லோன் நகரிலிருந்து வந்த ஆங்கிலேயப் படை மணிகளையும் நூல்களையும் சன்னல் கண்ணாடிகளையும்கூட அள்ளிச் சென்றது. அதன்பின் மடம் எழவில்லை.

ஆனால் மக்கள் கீரானை விடவில்லை. வளாகத்திலேயே மிகச் சிறிய தேவாலயம் அவர் புதைக்கப்பட்ட இடமாகக் கருதப்படுகிறது. அதன் மண்ணை வயலின் மூலைகளில் இட்டால் பயிருக்குக் காவல் என்று நம்பிய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அள்ளிச் சென்றதில், அதன் தரையே தாழ்ந்துபோனது. மாடு மேய்த்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் எனக்குத் தெரியவில்லை.